கடைக்கால் ஓரத்தில் பன்னிரண்டு வண்டி

எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். கணக்கு அப்படியில்லை, அதில் என்னை யாரும் அசைக்க முடியாது.

சண்டைக் காலத்தில் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகைகள் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் சுவருக்குக் கடைக்கால் பள்ளம் தோண்டுகிற ஆள். நான் செங்கல் சுமக்கிற சித்தாள். நடைக்கு ஒன்பது கல். பத்து நடை முடிந்தால் முந்தானையில் ஒரு முடிச்சு போடுவேன். யாரும் கேட்டதில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லைப் பள்ளத்து ஓரத்திலேயே அடுக்குவோம். கொத்தனாருக்குக் கைக்கு எட்டும். நாங்களும் மறுபடி தூக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில், அடுக்குக்குப் பின்னால் களிமண் நீளத்துக்கு வெடித்திருந்தது. என் கால் கட்டைவிரல் உள்ளே போனது. கீழே, தலைக்கு மேல் மண் நிற்க, என் வீட்டுக்காரர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

ஓவர்சீயரிடம் போய்ச் சொன்னேன்.

“வெயிலுக்கு வெடிக்கும்மா. சுவர் பாரம், கூரை பாரம் எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். மண்ணு தாங்கும்,” என்று நோட்டைத் தட்டினார்.

“நாளைக்கு வெக்கப்போற பாரத்தப் போட்டீங்க. இன்னிக்கு ஓரத்துல கீற கல்லப் போட்டீங்களா ஐயா?”

பென்சில் நின்றது. “எத்தன கல்லு?”

முந்தானையைக் காட்டினேன். “பன்னெண்டு முடிச்சு. நாப்பது நடைக்கு ஒரு கல்லு வண்டி காலியாவும். என் தலையில மட்டும் மூணு வண்டி. நாலு பேரு சொமந்தோம். பன்னெண்டு பார வண்டிய ஓரமா நிறுத்திட்டு கீழ ஆள எறக்குவீங்களா?”

ஓவர்சீயர் நோட்டை மூடினார். ஆட்களை மேலே ஏறச் சொன்னார். கல்லையெல்லாம் பத்தடி தள்ளி அடுக்கச் சொன்னார்.

“வாய வெச்சிகினு சும்மா கெடக்க மாட்டியாடி நீ?” என்று மற்ற சித்தாள்கள் வைதார்கள். வீட்டுக்காரர் வெற்றிலை மென்றபடி, “இன்னாமே, இஞ்சினீரு ஆயிட்டியா?” என்று சிரித்தார்.

பொழுது சாயும்போது கிழக்கு மூலை அடுக்கு மட்டும் பாக்கி. கழுத்து தாங்கவில்லை, விட்டுவிட்டோம்.

காலையில் அந்த மூலை கல்லோடு பள்ளத்துக்குள் கிடந்தது. மற்ற ஓரமெல்லாம் நின்றது. என் வீட்டுக்காரர் வெட்டிக்கொண்டிருந்த இடம் அதுதான். முதல் நாள் அங்கேயே விட்டிருந்த மண்வெட்டியின் காம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

என் கணக்கு சரி என்று எனக்குப் பெருமைதான். ஆனால் அவர் தலைக்கு மேல் அந்த மூன்று வண்டியை ஏற்றியதும் என் கைதானே. அதையும் கூட்டித்தான் பார்க்கிறேன்.

அவர் மண்வெட்டியை இழுத்து எடுத்தார். அன்று கேலி இல்லை. என் முந்தானையைப் பார்த்து, “அந்த முடிச்ச அவுக்காதமே,” என்றார்.