வீட்டைத் தாண்டிப் போன டாக்ஸி

குழந்தைகளே, நான் டாக்ஸி ஓட்டிய காலம் அது. பிரசவத்தில் வயிற்றில் தையல் போட்டிருந்த என் மனைவியைத் தர்மபுரியிலிருந்து இண்டூருக்கு அழைத்து வந்தேன். குலுங்கினால் தையலுக்கு ஆகாதென்று நான்கு டயரிலும் காற்றைக் குறைத்திருந்தேன். வண்டி மெத்தைபோல் போனது. ஆனால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் கனத்து, புளியமரத்தை நோக்கி இழுத்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

“ஏனுங்க, மெத்துனு இருந்தா மட்டும் போதுங்களா? திருப்புனா திரும்ப வேணாமா? புள்ளைய வூடு கொண்டுபோய்ச் சேக்கோணுமில்ல!” என்றாள், கைக்குழந்தையை அணைத்தபடி.

பம்பை எடுத்துப் பழையபடி காற்றடித்தேன். பிறகு ஒவ்வொரு குழியிலும் மெதுவாக இறக்கி ஏற்றி ஓட்டினேன். அவள் தூங்கிவிட்டாள். வீடு வந்தும் எழுப்ப மனம் வராமல், ஏரிவரை போய்த் திரும்பினேன்.

இப்போது அவள் இல்லை. அன்று இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம்.