கூரையில் ஒரு வாசல்

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்த கராஜின் முதலாளியைத் தமிழாட்கள் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிட்டோம். கொழும்பு முஸ்லிம், நல்ல மனுசன், கார்ப் பைத்தியம். தொண்ணூறுகளின் நடுவில், அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தும் அந்த இடத்தின் ஒரு மூலையில் தனக்கென்று ஒரு ‘ஃபனி கார்’ கட்டிக்கொண்டிருந்தார்.

அதென்ன பகிடிக் கார் என்று வாயை விட்டுவிட்டேன். அவ்வளவுதான், அன்றைக்கு வேலை நடக்கவில்லை. அறுபதுகளில் அமெரிக்காவில் கால் மைல் நேர்கோட்டில் பந்தயம் ஓடியவர்கள், புறப்படும்போது பின்சில்லு வழுக்காமல் இருக்கச் சில்லுகளையே முன்னால் நகர்த்தினார்களாம். பார்த்த சனம் சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பாரம் குறைக்க, உடம்பு முழுவதையும் ஃபைபர் கிளாஸில் ஒரே கூடாக வார்த்தார்கள். ஓட்டுகிறவர் எஞ்சினுக்குப் பின்னால் ஏறி இருந்ததும், கூட்டை அவர்மேல் இறக்கி மூடிவிடுவார்கள். கதவு என்று இருப்பது வெறும் கீறிய படம்.

“நெருப்புப் பிடிச்சால் என்னெண்டு வெளியில வாறது?” என்று கேட்டேன்.

“பொறகுதான் ஆள் வெளிய வர கூரையில ஒரு ஓட்ட போட்டாங்க. நான் ஆரம்பத்துல இருந்த மாதிரியே செய்றேன். ஒரு தரம் ஓட்டிக் காட்டத்தானே, தம்பி.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஒரு வியாழக்கிழமை அளவு பார்க்க அவர் உள்ளே ஏறினார். நான் கூட்டை இறக்கினேன். “சரியா ஈக்குதா?” என்ற குரல் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது போல இருந்தது.

ஊரில் எங்கள் வீட்டு வளவில், குண்டு விழும்போது பதுங்க பங்கர் வெட்டியவன் நான். பங்கருக்கு இரண்டு வாசல் வேண்டும், ஒன்று மூடிக்கொண்டால் மற்றதால் வரலாம். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒன்றை வெட்டிவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்ப்போம் என்று பந்தடிக்கப் போனேன். அன்று பின்னேரமே பொம்பர் வந்து குண்டு போட்டது. வாசல் சரிந்தபோது தங்கச்சி உள்ளே இருந்தாள். நாங்கள் தோண்டத் தோண்ட “அண்ணை, அண்ணை” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கூப்பிடவில்லை.

அந்தக் குரல் என்னோடு கனடாவுக்கும் வந்தது. ஸ்காபரோவில் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ட் மலிவாகக் கிடைத்தும், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருந்தேன். அங்கேயும் லிஃப்ட் கதவு மூடினால் கேட்கும். பங்கரை ஊர்ச்சனம் வெட்டியது என்றுதான் மனைவிக்கும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், பெயின்ட் அடித்து மினுக்கி வைத்திருந்த காரின் கூரையில் கோடு கீறி, ஆள் நுழையும் அளவுக்கு வெட்டி எடுத்தேன்.

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்தார். “பைத்தியமா ஒங்களுக்கு? மூணு மாசத்து வேல!”

“வேலையால நிப்பாட்டுங்கோ, நானா. ஆனா உந்த ஓட்டையை அடைக்க விடமாட்டன்.” பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டாமல் விட்டவன் நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் வெட்டிய ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு காரில் ஏறி இருந்தார். “மூடுங்க” என்றார்.

மூடினேன். உள்ளே சத்தமே இல்லை. அப்போது கூரை ஓட்டைக்குள்ளால் இரண்டு கைகள் வந்தன. பாய்ந்து பிடித்து இழுத்தேன். தலை வந்தது, தோள் வந்தது.

“வந்துட்டேன், தம்பி. விடுங்க” என்றார் நானா.

என்னால் விட முடியவில்லை.