கொசுவும் இயற்கைதான்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மகளுக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கமில்லை.

டெங்கியா என்று பார்க்க, இன்று பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலி ஆன்டி விடவில்லை.

"பச்சப் பிள்ளைக்கு ஏம்மா ஊசி? பப்பாளி இலைய அரைச்சு சாறு குடு. எல்லாம் இயற்கை லா."

யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற நான் சொல்லிவிட்டேன்: "கொசுவும் இயற்கைதான் ஆன்டி."

எனக்கே இன்னும் பெருமை தாங்கவில்லை.

ஆன்டி சிரித்துவிட்டார். "நல்ல வாய்க்காரிதான் நீ," என்றவர், ரத்தம் எடுக்கும்போது உள்ளே வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அழவே இல்லை.

இன்றைய முடிவில் டெங்கி இல்லை. ஆனால் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம் என்று நாளைக் காலை மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டுமாம், ஆன்டி இருக்க மாட்டார். பிள்ளை அழாமலிருக்க வழி தெரிந்தவர்கள், இயற்கை வைத்தியமானாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.