சீட்டுக்கு முந்திய இருபத்தொன்பது நிமிடங்கள்

காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு ஷூ. வீல்சேரின் கால்தட்டில் வலது பாதம் மட்டும் தடித்த தோல் ஷூவுக்குள் இருந்தது. இடது பாதம் வெறும் காலாக, கணுக்கால்வரை இரும்புத் தூள் படிந்து, தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அதற்கு மேல் நீலச் சட்டை, வியர்வையில் நனைந்த முகம். ஐம்பது வயதுக்குள் இருக்கும். வலது கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்திருந்தார்.

என் மேஜை அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை ஒட்டி இருந்தது. செகந்திராபாத் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. சென்னையில் ஒரு பத்திரிகையின் செய்தி மேஜையில் பல வருடம் இருந்துவிட்டு, மனைவியின் வேலை மாற்றலால் இங்கே பக்கத்திலிருக்கும் சைனிக்புரிக்குக் குடிவந்தவன் நான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலையில் சேர்ந்தேன். நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு எவ்வளவு நேரத்தில் சிகிச்சை தொடங்குகிறது, ஒரு மாதம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு. வந்த நேரம், ஈ.சி.ஜி. எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். முதல் நாளே இரண்டு கட்டளைகள் தந்தார்கள். நேரத்தை ஆவணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். சிகிச்சையில் தலையிடக் கூடாது. இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. என் பழைய தொழிலிலும் ஏறக்குறைய இவைதான் விதி.

இந்த ஆய்வின் முடிவுக்காகக் காத்திருந்தவர் அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. அங்கே கவுண்டரில் பதிவு செய்து, கம்ப்யூட்டர் நம்பரோடு சீட்டு வந்த பிறகுதான் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். நெஞ்சுவலி என்றால் சீட்டுக்குக் காத்திராமல் உடனே எடுக்க அனுமதி வேண்டும், அதற்குப் பழைய மெஷின் ஒன்றை வாசலிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆய்வு முடியட்டும், தாமதம் இருப்பது தெரிந்தால் பார்க்கலாம் என்று நிர்வாகம் பதில் சொல்லியிருந்தது.

"சீக்கிரம் முடிங்க சார்" என்பார் என்னிடம். "அதுவரைக்கும் யாரும் ஹார்ட் அட்டாக்கோட வராதீங்கன்னு கேட்ல ஒரு போர்டு போட்டுடட்டுமா?"

வீல்சேரில் வந்தவரைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். சிஸ்டர் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவர் தமிழில் முனகியதும் சட்டென்று தமிழுக்கு மாறினார். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, பேர் என்ன, வயது என்ன, எந்த ஊர். எல்லாவற்றையும் கட்டிலில் மாட்டியிருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டார். பணியிலிருந்த டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சாலை விபத்தோடு இருந்தார். ஒரு தடவை எட்டிப் பார்த்து, நாடி பிடித்து, "ஈ.சி.ஜி. எடுத்துட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். டெக்னீஷியன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நம்பர்?"

"வந்துட்டிருக்கு. நீ ஒட்டு முதல்ல."

அவன் ஒயர்களை ஒட்டினான். "நம்பர் அடிக்காம இது ஸ்டார்ட் ஆகாது சிஸ்டர். தெரியும்ல?"

"என் நம்பரை அடி. எனக்கு அட்டாக்னு போகட்டும்."

"அப்புறம் உங்க பேர்ல ஆஞ்சியோ ரூம் ரெடி பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும், ரெஸ்டாவது கிடைக்கும்."

அவன் சிரித்தான். ஆனால் அடிக்கவில்லை. போன வருடம் நம்பர் மாறி இரண்டு பேரின் ஈ.சி.ஜி. குழம்பிப் போனதில் ஒருவனுக்கு வேலை போயிருந்தது.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இடப்பக்கம் கட்டில் தெரியும். வலப்பக்கம் கண்ணாடிக்கு வெளியே கவுண்டர் தெரியும், பேச்சும் கேட்கும். அவரைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். உப்பல் என்ற பகுதியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள். சரக்கு ஆட்டோவில் படுக்கவைத்து அழைத்து வந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் தெலுங்கில் பேர் கேட்டார்.

"மெட்ராஸ் அண்ணா."

"அது ஊரு. பேரு?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம் சார்."

"கூட எத்தனை வருஷமா வேலை செய்றீங்க?"

"ஆறு."

"ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட பேர் கேக்கத் தோணலையா?" வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

அவர்கள் வெட்கப்பட்டார்கள். அவருடைய போனை எடுத்தார்கள், பூட்டியிருந்தது. ஒருவர் சூப்பர்வைசரைக் கூப்பிட வெளியே போனார். மற்றவர் வரிசையில் இடத்தை விடாமல் நின்றார். "பேர் தெரியாதவர்னு போட்டுக்கோங்களேன்" என்று அவர் கெஞ்சியதற்குக் கவுண்டர்க்காரர், அப்படிப் போட்டால் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், நினைவோடு இருக்கிற மனுஷனை எப்படி அப்படிப் போடுவது என்று கேட்டார். விதிப்படி அவர் சொன்னது சரி. உள்ளே போய் நோயாளியையே கேட்டுவிட்டு வரலாம். ஆனால் உள்ளே விட பாஸ் வேண்டும். பாஸ் சீட்டோடுதான் வரும்.

பேர் உள்ளே ஒரு காகிதத்தில் இருந்தது. வெளியே அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பத்தடி தூரம். வரிசை நீளம் போலிருக்கிறது என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். எனக்குத் தலையிட அனுமதியில்லை. பத்து மணி ஆனது. பத்து ஐந்து. பத்து பத்து. கட்டிலில் இருந்தவர் இரண்டு தடவை வாந்தியெடுத்தார். நான் அதையும் பார்த்தேன். இன்று கணக்குப் போட்டால், பேர் தெரியாததுதான் சிக்கல் என்று எனக்குப் புரிந்தது ஒன்பது ஐம்பத்தேழு வாக்கில். நாற்காலியை விட்டு எழுந்தது பத்து பதினேழுக்கு.

காகிதத்தைப் பார்த்துப் பேரைக் கவுண்டரில் சொன்னேன். வயதும் ஊரும் சொன்னேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே தகப்பனார் பேர் கேட்டார். திரும்ப உள்ளே ஓடினேன்.

"அப்பா பேரு என்னங்க?"

கண்ணைத் திறந்து பார்த்தார். "அவரு செத்துட்டாரு சார்."

"இருக்கட்டும், பேரு?"

சொன்னார். பத்து இருபத்தொன்றுக்குச் சீட்டு வந்தது. பத்து இருபத்தாறுக்கு ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் டாக்டர் ஓடிய ஓட்டத்தை அந்தப் பிரிவில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடுத்த முக்கால் மணிக்குள் ஆஞ்சியோ அறையில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார்.

மதியம் டேப்லெட்டில் ஏற்ற உட்கார்ந்தேன். வந்த நேரம் என்ற கட்டத்துக்கு ஆவணம் கம்ப்யூட்டர் சீட்டு. சீட்டில் பத்து இருபத்தொன்று. ஈ.சி.ஜி. பத்து இருபத்தாறு. இடைவெளி ஐந்து நிமிடம். பத்து நிமிடத்துக்குள் இருந்ததால் திரையில் அந்தக் கட்டம் பச்சையாக மாறியது. இரண்டு மாதமாக இப்படித்தான் பச்சைகளாக ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்ன அருமையாக வேலை செய்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிக்கூட இருக்கிறேன்.

கேட்டில் காவலாளி ஒரு நோட்டு வைத்திருந்தார். வண்டி எண், உள்ளே வந்த நேரம். சரக்கு ஆட்டோ வந்தது ஒன்பது ஐம்பது என்று அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் ஆய்வுக்குப் பொறுப்பான மூத்த டாக்டரைப் பார்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை பார்த்தார். பிறகு நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். கேட் நோட்டு செக்யூரிட்டி கான்ட்ராக்டருடையது, மருத்துவ ஆவணம் இல்லை. வருகை என்றால் பதிவு நேரம் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதி அனுமதி வாங்கியாயிற்று, பாதியில் மாற்ற முடியாது.

"நான் கண்ணால் பார்த்தேன் டாக்டர்."

"நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் அது டேட்டா இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குறிப்புகள் கட்டத்தில் எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் வாசலில் பார்த்த நேரத்தைக் குறிப்புகள் கட்டத்தில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, புள்ளிவிவரம் பார்க்கும் பெண்ணிடம் அவற்றை எப்படிச் சேர்ப்பீர்கள் என்று விசாரித்தேன். குறிப்புகள் கட்டம் கணக்கிடும் ஃபைலுக்கே வராது என்றார். பத்திரிகையில் ஒரு செய்தியைக் கொல்ல வேண்டுமென்றால் கடைசிப் பத்தியில் போடுவோம். அதையாவது யாராவது ஒருவர் படிப்பார்.

சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஊசி மருந்து எண்ணிக்கொண்டிருந்தார். "ஹவ் சார், அப்ப நாங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸா?" என்றார். ஹவ் என்பது அந்த ஊர் ஆமாம். எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்ததும் வேறு குரலில் கேட்டார். "அன்னைக்கு உங்களுக்கு வெளியே நடந்தது தெரியும், இல்ல? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. கைக்கு சும்மா உக்காந்திருந்தீங்க?" கோபம் வந்தால் ஏன் என்பதற்கு அந்த ஊர்க் கைக்குதான் அவர் வாயில் வரும்.

விதி என்றேன்.

"அந்த டெக்னீஷியனும் அதான் சொல்றான். கவுண்டர்லயும் அதான் சொல்றாங்க." மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

ஒரு மாதம் முடிந்த அன்று உப்பலில் அந்த நோயாளியின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ். படிவத்தின் முதல் கேள்வி நோயாளி உயிருடன் இருக்கிறாரா என்பது. அதை அப்படியே கேட்க வாய் வராமல், எப்படி இருக்கிறார் என்றேன்.

"இருக்காரு சார். நாலு படி ஏறினா உக்காந்துக்கிறாரு. லேத்துல நிக்க முடியல. வேலைய வுட்டுட்டாரு. ஹார்ட்டு பம்ப்பு பண்றது கம்மியாயிடுச்சாம்."

"மாத்திரையெல்லாம் சாப்பிடுறாரா?"

"அதெல்லாம் சாப்புட்றாரு. நான் ஒண்ணு கேக்கலாமா சார்? இன்னும் கொஞ்சம் சீக்கிரமா பாத்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதுன்னு அடுத்த வூட்டுக்காரரு சொல்றாரு. கூட வந்தவங்க லேட்டா இட்டாந்துட்டாங்கன்னு இவரு அவங்ககூட பேசறதே இல்ல. நெசமா சார்?"

இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அச்சடித்த ஒரு வரி மேஜையில் இருந்தது. அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்று அந்த வரியைப் படித்தேன். இருபத்தொன்பது நிமிடம் அந்த இதயத்தில் எவ்வளவைக் கொண்டுபோனது என்று எந்த டாக்டராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால் கூட வந்தவர்கள் தாமதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதையும் அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, உயிருடன் இருக்கிறார் என்ற கட்டத்தைத் தொட்டேன். படி ஏறுவது பற்றிக் கட்டம் இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஆய்வு முடிந்தது. அறிக்கையின்படி, வருகைக்கும் ஈ.சி.ஜி.க்கும் இடையில் தாமதம் இல்லை. சிஸ்டரின் விண்ணப்பத்துக்கு இப்போது பதில் தர வேண்டியிருந்தது. தற்போதைய நடைமுறையே திருப்திகரமாக இருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளதால் மாற்றம் தேவையில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. என் ஆங்கிலம் சுத்தமாக இருக்கும் என்பதால் கடிதத்தை வரைந்து தரச் சொன்னார்கள். நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் மறுநாள் காலை அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.