கம்பெனிக்குக் கடைசிப் பாடு

“அண்ணி, கம்பெனிக்காரன் எறங்கி வந்துட்டான்!”

படகுத்துறையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான் அஜித்குமார். கோப்பை ஜெயித்தவன் போலப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். அமுதவல்லி வாசலில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எறங்கினவனுக்குத் திரும்ப ஏறத் தெரியாதா இன்னா?”

“ஐயோ அண்ணி! ஒலகம் பூரா அவனத் திட்டித் தீத்துட்டாங்கோ. பயந்துட்டான். சிடிக்குப் பூட்டும் இல்ல, தெனம் நெட்டுல போய்க் காட்டணும்ன்ற கட்டாயமும் இல்ல. எல்லாம் வாபஸ். அவனே எழுதிக்கீறான், பாரு.”

“போன மாசமும் அவனேதான எழுதினான்?”

கொழுந்தன் போனைக் கீழே இறக்கினான். போன மாசப் பேச்சு அவனுக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது.

அமுதவல்லிக்கு முப்பத்து நான்கு வயது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாலு பேர் கூடிய இடத்தில் அவள் குரல் கேட்காது. யாராவது உற்றுப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்தத் தீவில் யாராலும் ஜெயிக்க முடியாத கேம் ஆட்டக்காரி அவள்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அவள் கணவன் பூவரசன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் யாரோ கழித்துக்கட்டிய கேம் பெட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். மீன்பிடித் தடைக்காலம். அண்ணனும் தம்பியும் நாள் முழுக்க அதன் முன்னாலேயே கிடந்தார்கள். அமுதவல்லி பத்து நாள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோராம் நாள் இருவரும் எஞ்சின் வேலையாகப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தபோது கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள். லாரி ஓட்டும் கேம். சாயங்காலம் திரும்பி வந்த பூவரசன் திரையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “பெட்டி கெட்டுப்போச்சுடா அஜித்து, ஏதேதோ காட்டுது” என்றான். அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஊரில் இன்னும் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று அஜித்குமாருடையது, இன்னொன்று தெருக்கோடியில் இருக்கும் சீனிவாசனுடையது. ஒன்பது வீடுகள் சேர்ந்து பத்தொன்பது சிடிகள் வாங்கின. சேர்ந்து வாங்கியது பெரிதில்லை, பங்கு போடுவதுதான் பெரிய பேஜாராக இருந்தது. யாரிடம் எந்த சிடி என்று தினம் ஒரு சண்டை. அப்போது அமுதவல்லிதான் கணவனிடம் மெல்லச் சொன்னாள்: “ஏரிக்குப் பாடு போடற மாதிரி இதுக்கும் போட்டா இன்னா?”

ஏரியில் எந்த வீட்டுக்காரன் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் பேரில் மட்டுமே சீட்டு எழுதுவார்கள். புருஷன் போன வீட்டுக்குச் சீட்டு இல்லை. அமுதவல்லியின் பாட்டில் மட்டும் அந்த விதி கிடையாது. ஒன்பது வீடு, ஒன்பது சீட்டு. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவுக்கும் ஒரு சீட்டு உண்டு. கோவிந்தம்மா கணவனை இழந்தவள், பழவேற்காட்டுச் சந்தையில் நண்டு விற்பவள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பாடு மாறும். பாடு யாருக்கோ அவர்கள் கேட்கும் சிடி, அவர்கள் கையில் ஜாய்ஸ்டிக். பாடு விழுந்தவர் மூன்று பெட்டியில் எந்த வீட்டுப் பெட்டியில் வேண்டுமானாலும் உட்காரலாம். ‘எங்க வூட்ல வேலை இருக்குது’ என்று அந்த வீட்டார் சொல்லக் கூடாது. கோவிந்தம்மா தன் வாரத்தில் கிரிக்கெட் ஆடுவாள். அவள் பந்து போடும்போது வாயிலிருந்து வரும் வசவுகளைக் கேட்கவே கூட்டம் கூடும். நான்கு வருடமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன மாசம்தான் பெட்டி செய்யும் கம்பெனி குறுக்கே வந்தது. இனிமேல் ஒரு சிடியை எந்தப் பெட்டியில் முதலில் பதிகிறார்களோ அந்தப் பெட்டியில் மட்டும்தான் அது ஓடும், பெட்டியும் தினம் ஒருமுறை இணையத்தில் போய்த் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். பசியாவரத்தில் சிக்னல் என்பது படகுத்துறைக் கல்லின் மேல் ஏறி நின்றால் கிடைப்பது. காற்று மாறினால் அதுவும் இல்லை.

பதறிப்போன அஜித்குமார் ஒரு காரியம் செய்தான். பாடு போடும் நாளில் எல்லார் பேரையும் ஒரே வீட்டில், ஒரே தாளில் எழுதுவதுதானே வழக்கம்? பதிவு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டான். “மொதல்ல ஒரே எடத்துல பதிஞ்சுடலாம், அப்பறம் மொறைப்படி வூட்டுவூட்டுக்கு மாறிக்கும்” என்று ஊராரிடம் சொல்லி, எல்லார் வீட்டு சிடியையும் ஒரு மீன் கூடையில் வாரிக்கொண்டு போய்த் தன் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டான். சீனிவாசன் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தான். அஜித்குமாரைப் போலவே அவனும் தன் பெட்டியைத் துறைக்குத் தூக்கிப் போய் இணையத்தில் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தான். பன்னிரண்டு சிடி முடிந்த பிறகுதான் அமுதவல்லிக்கு விஷயம் தெரிந்தது. ஓடி வந்து மிச்சமிருந்த ஏழு சிடியையும் கூடையோடு பிடுங்கிக்கொண்டு போனாள். அவள் தெருவில் ஓடி ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அந்தப் பன்னிரண்டில் எதைப் போட்டாலும் சீனிவாசன் பெட்டி, “இது வேறொரு பெட்டிக்குச் சொந்தமானது” என்றது. ஊருக்கே பொதுவாக இருந்தது அஜித்குமாருக்குச் சொந்தமாகிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆனாலும், “எல்லாரும் எங்க வூட்டுக்கே வாங்களேன்” என்று அவன் சொன்ன குரலில் கொஞ்சம் குஷியும் இருந்ததை அமுதவல்லி கவனித்தாள்.

அவளுடைய பழைய பெட்டி மட்டும் ஒருநாளும் இணையத்தைப் பார்த்தது கிடையாது. அதற்குக் கம்பெனியின் சட்டம் தெரியாது. எந்த சிடியைப் போட்டாலும் மறுபேச்சில்லாமல் ஓட்டியது. மற்ற இரண்டும் தினம் துறைக்குப் போய் வராவிட்டால் எதையும் ஓட்டவில்லை. ஒரு மாதமாக யாருக்குப் பாடு விழுந்தாலும் அவள் வீட்டில்தான் நடந்தது. உட்கார இடமில்லாமல் போனது. பூவரசன் தன் வீட்டிலேயே சோற்றுத் தட்டை வாசலுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டான்.

இப்போது கம்பெனி இறங்கி வந்திருக்கிறது. அஜித்குமாரும் சீனிவாசனும் தங்கள் பெட்டிகளைப் படகில் ஏற்றிப் பழவேற்காட்டுக்கே கொண்டுபோய், ஒரு பகல் முழுக்க யார் யாருடைய போன் டேட்டாவையோ தின்னவிட்டு, திரும்பக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு சிடியும் இரண்டு பெட்டியிலும் ஓடின. கம்பெனி சொன்னதைச் செய்துவிட்டது. அதை அமுதவல்லியும் மறுக்கவில்லை.

அதே வாரம் இருபதாவது சிடி வந்தது. லாரி கேமின் புதுப் பதிப்பு. பனி மலையில் லாரி ஓட்டலாம் என்று இரண்டு வருடமாக ஊரே காத்துக் கிடந்த சிடி. சீட்டுக் குலுக்கினார்கள். முதல் பாடு அமுதவல்லிக்கு விழுந்தது. நான்கு வருடத்தில் அவளுக்கு முதல் சீட்டு விழுந்ததே இல்லை. சிடியை வாங்கி முந்தானையில் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். இந்த கேமுக்குப் பெட்டியைப் புதுப்பிக்க வேண்டும், இணையத்தோடு இணைக்கவும் என்று திரை சொன்னது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்பது வீட்டாரும் அவள் வீட்டில் கூடிவிட்டார்கள்.

“பெட்டியக் குடு அண்ணி, காலையில தொறைக்குத் தூக்கினு போறேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்” என்றான் அஜித்குமார்.

“வாணாம்.”

“இன்னா வாணாம்? மன்னிப்பே கேட்டுட்டான்றேன்.”

“அவன் இன்னா எழுதிக்கீறான்னு யாராச்சும் முழுசா படிச்சீங்களா?”

யாரும் படிக்கவில்லை. பொன்னேரியில் கல்லூரிக்குப் போகும் கோவிந்தம்மாவின் மகள் வைஷ்ணவியைக் கூப்பிட்டார்கள். அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தாள்.

“உங்க குரலைக் கேட்டோம்னு போட்டிருக்கான் அத்த. உங்க நம்பிக்கைதான் எங்களுக்குப் பெருசுன்றான். பூட்டுப் போடற திட்டம் இப்போதைக்கு இல்லையாம்.”

“இப்போதைக்கா?”

“ஆமா. அதுக்குக் கீழ ஒரு ஒப்பந்தம் வருது. நாப்பது பக்கம் இருக்கும் போல. அதை ஒத்துக்கிட்டாதான் அப்டேட்டே ஏறும். எப்ப வேணா எதை வேணா மாத்துவோம், ஒங்களைக் கேக்கமாட்டோம்னு அதுல ஒரு வரி இருக்கு.”

“அதெல்லாம் எல்லாத்துலயும் இருக்கும்” என்றான் சீனிவாசன். “எவன் படிக்கறான்? அமுக்கினு போய்ட்டே இருக்கணும்.”

“அமுக்கினு போய்த்தான பன்னண்டு சிடி போச்சு” என்றாள் கோவிந்தம்மா. “கூடையிலேர்ந்து எடுத்துக் குடுத்த மவராசனே நீதான?”

எல்லாரும் சிரித்தார்கள். சீனிவாசன் மட்டும் சிரிக்கவில்லை.

“யக்கா, ஒனக்கு இன்னா தெரியும்? ஊரே வாபஸ் வாங்கினவன ஒத்துக்கும்போது இந்த அண்ணி மட்டும்…” அஜித்குமார் பூவரசன் பக்கம் திரும்பினான். “ண்ணா, நீயாச்சும் சொல்லேன்.”

பூவரசனுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். “அமுதா, குடுத்துத் தொலையேன். பூட்டு வந்தா அப்பப் பாத்துக்கலாம்.”

“அப்பப் பாக்கறதுக்குப் பெட்டி எங்க இருக்கும் மாமா? மூணுல ரெண்டு அவன் கைக்குப் போச்சு. நாளைக்கே மனசு மாறினான்னு வையி, மூணும் ஒரே ராத்திரில பூட்டிக்கும். கோவிந்தக்கா பாட்டுக்கு எங்க போவாங்க? பெட்டி வெச்சிருக்கறவன் வாசல்ல போய் நிப்பாங்களா?”

அமுதவல்லி இவ்வளவு நீளமாகக் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே காது சூடேறியது. ஆனாலும் ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தவும் முடியவில்லை.

“நான் ஒண்ணு கேக்கறேன். ஏரில மொறை தப்பி அடுத்தவன் பாட்டுல வலை கட்டினவன நம்ம ஊர்ல இன்னா செய்வாங்க?”

“கூட்டத்துல கும்புட்டு மன்னிப்புக் கேட்டா சேத்துப்பாங்க” என்றான் பூவரசன்.

“சும்மாவா?”

“அந்தச் சுத்துக்கு அவன் பேரு கடைசி. அவன் சுத்து முழுக்க ஒழுங்கா இருக்கானான்னு பாப்பாங்க.”

“அதான். கம்பெனி கும்புட்டுச்சு, சேத்துக்கலாம். ஆனா அதுக்குக் கடைசிப் பாடு. ஒம்பது வாரம் போவட்டும். ஒழுங்கா இருந்தா பத்தாவது வாரம் என் பெட்டிய நானே தொறைக்குத் தூக்கினு வரேன்.”

அஜித்குமார் தொடையில் தட்டிச் சிரித்தான். “எங்கயோ ஏசி ரூம்ல ஒக்காந்துகினுகீறவனுக்கு நம்ம ஊர்ல கடைசிப் பாடா! நல்லாக்கீது அண்ணி. அப்ப ஒன் மொத பாடு போச்சு, தெரியுமில்ல? லாரிய நான் எடுத்துக்கட்டா?”

இரண்டு வருடம் காத்த சிடி மடியில் கிடந்தது. அமுதவல்லி அதன் அட்டையில் இருந்த வெள்ளை மலையைப் பார்த்தாள். பெட்டியைக் கொடுத்தால் நாளைக்கே இந்த மலையில் ஏறலாம், இதே வீட்டில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு. கொடுக்காவிட்டால்? வழி இருந்தது. அது அவளுக்குப் பிடிக்காத வழி. அஜித்குமார் வீடு படகுத்துறைப் பாதையில் இருக்கிறது. அங்கே டிவி ஓடினால் படகுக்குக் காத்திருக்கும் ஆட்கள் எல்லாரும் ஜன்னலில் தொங்குவார்கள். அதனால்தான் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அடுத்த வீட்டுப் பெட்டியில் ஆடியதில்லை.

சிடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“பாடு போவல. ஒன் பெட்டியத்தான் கம்பெனி மன்னிச்சு வுட்டுச்சே? நாளைலேர்ந்து ஏழு நாள் ஒன் வூட்லதான் ஆடுவேன்.”

“எங்க வூட்லயா?” அஜித்குமாரின் சிரிப்பு நின்றுபோனது. “நாளைக்குக் கால்பந்துக்கு நாலு பேர வரச்சொல்லிக்கீறேன் அண்ணி. வூட்ல வேலை வேற…”

“அந்தப் பேச்சே கெடையாது” என்று ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் கத்தினார்கள். கோவிந்தம்மாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

மறுநாள் காலை அமுதவல்லி தலையைக் குனிந்தபடி தெருவைக் கடந்து போய்க் கொழுந்தன் வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் நினைத்தபடியே ஜன்னல் அடைத்துக்கொண்டது. “இன்னாம்மா, லைசென்ஸ் இருக்குதா?” என்று யாரோ வெளியிலிருந்து கேட்டார்கள். உள்ளங்கை வேர்த்து ஜாய்ஸ்டிக் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டாள். முதல் வளைவிலேயே லாரி பள்ளத்தில் இறங்கியது. ஜன்னல் ‘ச்சு’ கொட்டியது. இரண்டாம் தடவை வளைவைத் தாண்டினாள், மூன்றாம் தடவை பாலத்தையும் தாண்டினாள். ஜன்னலில் பேச்சு நின்றது. படகு வந்து ஹாரன் அடித்தும் இரண்டு பேர் போகவில்லை.

மலையின் பாதியில் லாரி அப்படியே நின்றது. திரையில் வெள்ளைக் கட்டம் ஒன்று விழுந்தது. நிறைய எழுத்து. அடியில் ஒரு பொத்தான்.

“இன்னாடா இது?”

சமையல்கட்டிலிருந்து டீ டம்ளரோடு வந்த அஜித்குமார் எட்டிப் பார்த்தான். “ஒண்ணுமில்ல அண்ணி. காத்து மாறி என் போனுக்கு சிக்னல் எட்டிக்கீது போல, பெட்டி நெட்டுக்குப் போய்டுச்சு. ஒப்பந்தத்துல ஏதோ மாத்திக்கீறானாம். ஓகேவ அமுக்கு, போய்டும்.”

அமுதவல்லி ஜாய்ஸ்டிக்கை அவன் பக்கம் நீட்டினாள்.

“நீயே அமுக்கு. ஒன் பெட்டி.”

அவன் டீயைக் கீழே வைத்தான். ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கினான். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“வைஷ்ணவி காலேஜுக்குப் போய்ட்டாளா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.