பேண்டுக்காரம்மாவுக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் கடைசி வீட்டுக்கு, நான் ஆறாவது படிக்கும்போது, ஒரு வயதான அம்மாள் தனியாகக் குடிவந்தார். பம்பாயிலும் பெங்களூரிலும் பெரிய ஓட்டல்களில், இருபது பேர் வாசிக்கும் பேண்டில் பாடியவராம். எங்களுக்குத் தெரிந்த பேண்டு கல்யாண ஊர்வலத்துக்கும் சாவுக்கும் வருவது. அதில் பாட்டு ஏது? அம்மாவின் தம்பி, என் மாமா, மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலையை விடமாட்டார். "பேண்டுல பாட்டு பாடுனாங்களாமா? முதல் பேச்சே பொய்யா இருக்குதே" என்றார். அன்றிலிருந்து அந்த அம்மாள் எங்களுக்குப் பேண்டுக்காரம்மா.

காய்ச்சல்காரர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். கன்னடத்தில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வார். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். எல்லாம் இலவசம். மாமாவுக்கு அதுதான் உறுத்தியது.

"எந்த மதம்னு கேட்டா யூதராம். அப்பிடி ஒண்ணு இருக்குதா? ஏதோ புது சபை அக்கா. புள்ளைங்கள மாத்தத்தான் வந்திருக்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னை உளவு பார்க்க அனுப்பினார். எனக்குத் திக்குவாய். என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தார் போலும்.

என் பெயரைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் செத்துவிடலாம் போலிருக்கும். பேண்டுக்காரம்மா அதைக் கவனித்து, என் விரல்களைத் தொடையில் தாளமாகத் தட்டச் சொன்னார். "கை முதல்ல போகட்டும் கண்ணு, வார்த்தை பின்னாலயே வரும்." தினமும் தட்டினோம். நான் வேவு பார்ப்பதையும் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் அவர் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினார். கைகளை அவற்றின்மேல் சுற்றி, கண்களைப் பொத்திக்கொண்டு, புரியாத பாஷையில் ஏதோ பாடினார். சாமி படம் இல்லை, சிலுவையும் இல்லை. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அதே நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் வெள்ளிக்கிழமை விளக்குதான் ஏற்றிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு ஓனரைக் கூட்டி வந்தார். அந்த அம்மாளைக் காலி பண்ணச் சொல்ல வேண்டுமாம். சாட்சி நான். பேண்டுக்காரம்மா தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பயப்படாம பாத்தத சொல்லு பாப்பா" என்றார் ஓனர்.

நாக்கு ஒட்டிக்கொண்டது. விரல் தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது. மெழுகுவத்தி, கை சுற்றல், மந்திரம் எல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன. சூனியம் என்ற சொல்லை நானாகவே சேர்த்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இருந்ததெல்லாம் பெருமைதான்.

அம்மா அழுதேவிட்டாள். என் வாய் திக்காமல் இருக்கக் கோயிலில் வைத்த வேண்டுதல் பலித்துவிட்டதாம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஓனர் சொல்லிவிட்டார்.

நான் பேண்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விரல்கள் கதவு நிலையில் என் தாளத்தையே தட்டிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் சந்தோஷம். குடியிருக்கும் வீடு போகிறது, இந்த நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரே, மாமா சொன்னது சரிதான், இவரிடம் என்னவோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.