அண்ணியின் நானூறு மணி நேரம்

என் அண்ணி யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. அவர் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து இதைக் கவனித்து வருகிறேன். எதிரில் இருப்பவர் பாதி சொல்லும்போதே மீதியை இவரே சொல்லிவிடுவார். அதையாவது சரியாகச் சொன்னால் பரவாயில்லை.

ஒருமுறை அண்ணன், "நாளைக்கு நான் வேலைக்கு..." என்று ஆரம்பித்தார். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொல்ல வந்தவர்.

"போகல. நல்லதாப் போச்சு, பீரோவை அந்தப் பக்கம் நகர்த்திடலாம்" என்றார் அண்ணி.

மறுநாள் அண்ணன் லீவு போட்டு பீரோவை நகர்த்தினார். மறுத்துப் பேசுவதைவிட அது சுலபம். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பழகியவர். அப்படிப்பட்டவரே வீட்டில் நாளடைவில் ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டார். "உப்பு." "சாவி." "மழை." ஒரே ஒரு சொல்லை யாராலும் பாதியில் பிடுங்க முடியாது. என் பாடு இன்னும் வசதி. நாலு பேர் முன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்களே என்ற பயத்தில்தான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணி வந்த பிறகு பேச வேண்டிய அவசியமே எனக்கு இல்லாமல் போனது.

இந்த அண்ணிதான் முப்பத்தொன்பதாவது வயதில் சமூகப் பணி படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதற்கு அவர் பொருத்தமானவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தெருவில் யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் முதலில் ஓடுகிறவர் அவர். யார் கேட்டாலும் விண்ணப்பம் நிரப்பித் தருவார். சில சமயம் அவர்கள் கேட்காத உதவிக்கும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் ஒரு சக்கர நாற்காலி வந்தது. அவர் நன்றாக நடப்பார். இப்போது அதில் துணி காய்கிறது.

பகுதி நேரப் படிப்பு, ஐந்து வருஷம். சமையலறை மேஜையில் புத்தகத்தை எண்ணெய் டப்பா மேல் சாய்த்து வைத்துப் படித்தார். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். அச்சடித்த கேள்வியின் குறுக்கே யாரும் புக முடியாதல்லவா. சிக்கல் கடைசி வருஷக் களப்பயிற்சியில் வந்தது. ஏதாவது ஒரு சேவை நிறுவனத்தில் நானூறு மணி நேரம் வேலை செய்து, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை.

முதலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். கழிப்பறைக்கு வழி கேட்க வந்த ஒருவரை உட்கார வைத்து, அறுவை சிகிச்சை பயத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் ஆறுதல் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருகிறோம், அதிலும் தவறினால் மொத்தப் படிப்பும் போய்விடும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணி அதைப் பாதி படித்துவிட்டு, "வருத்தம் தெரிவிச்சிருக்காங்க" என்றார். மீதியை அண்ணன் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஒரே வாய்ப்பு நான் வேலை பார்க்கும் இடத்தில் கிடைத்தது. அது முதியோர் பகல் மையம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போவார்கள். பந்து போட்டுப் பிடிப்பது, படம் வரைவது, பாட்டு என்று நேரம் போகும். நான் அங்கே கூட்டித் துடைத்து, டீ போடுகிறேன். மேற்பார்வையாளர் மேடத்துக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கண்டிப்பானவர். வேன் ஓட்டுநர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் வயதானவர்களை வேனில் அழைத்து வருவதும் அவரே. பின்பக்கமாக எடுக்கும்போது வாசல் பூந்தொட்டிகளில் வாரம் ஒன்று போகும்.

முந்நூற்றெண்பத்தெட்டு மணி நேரம் வரை எப்படியோ ஓடிவிட்டது. நாற்காலி போடுவதிலும் விண்ணப்பம் எழுதுவதிலும் அண்ணியை யாரும் குறை சொல்ல முடியாது. மீதிப் பன்னிரண்டு மணி நேரக் கணக்குக்கு ஒரு உரையாடல் பதிவு எழுத வேண்டும். மையத்துக்கு வரும் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசி, அதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். தாளில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அவர் சொன்னது, இரண்டாவதில் நாம் சொன்னது, மூன்றாவதில் நம் மனதில் பட்டது.

அண்ணி டிரைவர் ஐயாவைத் தேர்ந்தெடுத்தார். எட்டு மாதமாக மையத்துக்கு வருகிறவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, தலை வாரி, மூலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பேச்சு மட்டும் மெதுவாக வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றுவதுபோல் நின்று நின்று பேசுவார்.

அண்ணி ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் டிரைவர் ஐயா தனிமையைப் பற்றி விரிவாகப் பேசியிருந்தார், இரண்டு முறை அழுதிருந்தார், கடைசியில் அண்ணியின் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருந்தார்.

நான் கப் எடுக்கப் போனபோது மேடம் அதைப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இது எப்ப பேசினது?"

"செவ்வாய்க்கிழமை காலையில மேடம். பத்து மணிக்கு."

மேடம் என் பக்கம் திரும்பினார். "டிரைவர் ஐயா செவ்வாய்க்கிழமை வந்தாரா?"

என் கையில் கப்பெல்லாம் ஒன்றோடொன்று இடித்தது. அன்று அவருடைய டீ மிஞ்சி நான்தான் குடித்தேன். "வரல மேடம். கடைவாய்ப் பல் புடுங்கப் போயிருந்தாரு."

"பேசாமலே எழுதிட்டீங்களா?" என்றார் மேடம்.

"பேசிடலாம்னுதான் மேடம் இருந்தேன். குடுக்க வேண்டிய தேதி முந்திப்போச்சு."

"வெள்ளிக்கிழமை நானும் கூட உக்காருவேன். அவர் பேசணும், நீங்க கேக்கணும். அவர் வாய்ல இருந்து வர்றதை நீங்க ஒரு தடவை முடிச்சு வச்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேருந்தில் வீடு திரும்பும்போது அண்ணி என்மேல் கோபப்படவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "அவர் வந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். இரண்டு நிறுத்தம் கழித்து, "அஞ்சு வருஷம்மா" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. அதனால் எனக்கே தெரியாமல் ஒரு யோசனை சொன்னேன். "வாயில தண்ணி வச்சுக்கிட்டுக் கேட்டுப் பாருங்க அண்ணி."

அன்று மாலையே பயிற்சி ஆரம்பமானது. நான் மையத்துக்கு வந்தவளாக நடிக்க வேண்டும், அண்ணி வாய் நிறையத் தண்ணீரோடு எதிரில். நான் என்ன பேசுவது? "இன்னிக்கு ரெண்டு கப் உடைஞ்சுது" என்றேன். அதற்குமேல் வரவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில் அண்ணன் வந்தார்.

"என்ன?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அண்ணியின் உப்பிய கன்னத்தை உற்றுப் பார்த்தார். மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன மாசம் ஏழாவது மாடியில ஒரு லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஒரு கல்யாணப் பொண்ணு, ஒரு கேக்கு, கேக்கைத் தூக்கிட்டு வந்த ஆளு" என்று ஆரம்பித்தார்.

கதவைத் திறந்தது, கேக்கின் மேல்தட்டு சாய்ந்தது, மாப்பிள்ளை படியேறி மயங்கி விழுந்தது என்று பதினோரு நிமிஷம் பேசினார். அண்ணன் ஒரு வாக்கியத்தை வினைச்சொல்லோடு முடித்து நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. அண்ணியின் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கால் தரையைத் தட்டியது. "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு தெரியுமா..." என்று அண்ணன் நிறுத்தினார். வேண்டுமென்றேதான் நிறுத்தினார். தண்ணீர் முழுவதும் அவர் சட்டைமேல் வந்தது.

"கேக்கைத் தின்னுடுச்சா?" என்றார் அண்ணி.

"இல்ல." அண்ணன் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பயிற்சி எத்தனை நாளைக்கு?"

வெள்ளிக்கிழமை வந்தது. மையத்தில் பேசும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் பாதிக் கண்ணாடிதான், மேல்பக்கம் திறந்திருக்கும். நான் கழுவிய கப்புகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி வாயில் தண்ணீரோடுதான் உள்ளே போனார். டிரைவர் ஐயா வணக்கம் சொன்னதும் பதற்றத்தில் விழுங்கிவிட்டார். பிறகு இரண்டு கையாலும் நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மேடம் மூலையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க ஐயா" என்றார் அண்ணி.

"என்னத்தம்மா சொல்றது" என்றார் அவர். "எனக்கு ஒண்ணு மட்டும்..." நிறுத்தினார்.

அண்ணியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "ம்" என்றார்.

"ஆரம்பத்துல இருந்தே கேக்கணும்னு..." மறுபடி நிறுத்தம்.

"ம்."

சுவர்க்கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. அவர் கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தார். "நான் இங்க வந்தது எதுக்குன்னா..." என்று நின்றார். அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நான் குழாயை மூடினேன்.

மூன்றாவது நிமிஷம் மேடத்தால் தாங்க முடியவில்லை. "வீட்டுல தனியா இருக்க முடியலை, அதானேய்யா? அதனால..."

அண்ணி சட்டென்று கையை உயர்த்தினார். "மேடம், அவர் முடிக்கட்டும்."

மேடத்தின் பேனா அப்படியே நின்றது. டிரைவர் ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கண்ணாடிக் கதவுல ஒட்டியிருந்தீங்களே, வேனுக்கு டிரைவர் வேணும்னு. அந்த வேலைக்குத்தாம்மா வந்தேன். முடிவை எப்பச் சொல்லுவீங்க?"

"எட்டு மாசமாவா?" என்றார் மேடம், தொண்டைக்குள்ளேயே.

"தேர்வு கொஞ்சம் நீளம்தான். பந்து போட்டுப் பிடிக்கச் சொன்னீங்க, சரி, கை நிதானம் பாக்கறாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு என்ன கிழமைன்னு வாரா வாரம் கேட்டீங்க. டிரைவருக்குக் கிழமை தெரியணும், நியாயம்தான். படம் வரையச் சொன்னதுதான் புரியல. சரி, பாதைப் படமா இருக்கும்னு எல்லாத் தாள்லயும் ரோடு போட்டுக் குடுத்தேன்."

அவர் வரைந்தவையெல்லாம் சுவரில்தான் ஒட்டியிருந்தன. எல்லாம் ரோடு. பயணத்தில் நாட்டமுள்ள ஏக்கமான மனது என்று மேடம் கோப்பில் எழுதியிருந்தாராம், பிறகு தெரிந்தது.

"ஏங்கய்யா கேக்கவே இல்ல?" என்றார் மேடம்.

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேம்மா. ஒரு தடவை பந்தைக் குடுத்தீங்க. ஒரு தடவை டீயைக் குடுத்தாங்க." அந்த டீயைக் கொடுத்தது நான்தான். "வீட்டுலயும் கேக்கறாங்க, விமானம் ஓட்டறதுக்குக்கூட இவ்வளவு பரீட்சை கிடையாதேன்னு."

மேடம் எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தார். பதிவுப் படிவம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. வந்த காரணம் என்ற இடத்தில், 'வேலைக்கு' என்று ஆரம்பித்து, 'போய் ஓய்வு பெற்றபின் ஏற்பட்ட தனிமை' என்று முடிந்திருந்தது. தான் சொன்னது முதல் சொல் மட்டும்தான் என்றார் டிரைவர் ஐயா.

அண்ணி அன்று எழுதிய பதிவு ஒரே பக்கம். இரண்டாவது கட்டத்தில் "சொல்லுங்க ஐயா", இரண்டு "ம்", பிறகு "மேடம், அவர் முடிக்கட்டும்." மூன்றாவது கட்டத்தில், மனதில் பட்டது என்ற இடத்தில், 'வாய் அரித்தது' என்று உண்மையை எழுதியிருந்தார். மேடம் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்ப் பதிவுக்குப் போட்ட பன்னண்டு மணி நேரத்தை வெட்டிடறேன் அக்கா. ரெண்டு சனிக்கிழமை வந்து அதை முடிச்சுக் குடுங்க. அப்புறம் கையெழுத்து."

"சரி மேடம்."

"நான் தப்பா நிரப்பின படிவத்தைப் பத்தியும் பல்கலைக்கழகத்துக்கு..."

அண்ணி காத்திருந்தார். மேடமும் காத்திருந்தார், அண்ணி முடித்துவிடுவார் என்று. கடைசியில் மேடமே, "நானே எழுதிடறேன்" என்றார். எழுதவும் செய்தார். அந்த மாத அறிக்கையில் மையத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் குறைந்தார், ஊழியர்களில் ஒருவர் கூடினார்.

இரண்டு சனிக்கிழமையும் அண்ணி மையத்தின் நாற்காலிகளையெல்லாம் கழுவினார். நானூறாவது மணி முடிந்த மாலை மேடம் கையெழுத்துப் போட்டார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. டிரைவர் ஐயா வேன் ஓட்டுகிறார். மேடம் அலுவலக அறையில்தான் இருக்கிறார், படிவங்களை மட்டும் வந்தவர்கள் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்கிறார். அண்ணி பட்டம் வாங்கிவிட்டார். வாரத்தில் நான்கு நாள் நகராட்சியின் உதவி மையத்தில் உட்காருகிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.